கணிப்பொறியும் உப்புக் காற்றும்



ஐப்பசி மாதத்தில் உங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கும் உப்புச் சாடியைத் திறந்து பாருங்கள். சித்திரையில் பொலபொலவென்று உதிர்ந்த கல்லுப்பு, இப்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். சாடியின் அடியில் சிறிது நீரும் தேங்கியிருக்கும். அதில் யாரும் நீர் ஊற்றவில்லை. அப்படியானால் அந்த நீர் எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்துதான் வந்தது. காற்றில் ஆவியாக இருந்த ஈரத்தை உப்பு தன்பால் இழுத்துக்கொண்டது.

இந்தச் சிறு செய்திக்கும் கணிப்பொறிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? காரைக்காலைப் போன்ற கடற்கரை ஊரில் வாழ்பவர்களுக்கு மிக நெருங்கிய தொடர்பு உண்டு. காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. ஆனால் நிலப்பக்கம் முழுவதும் தமிழ்நாட்டால் சூழப்பட்டிருக்கிறது. கிழக்கே வங்கக் கடல். காவிரிப் படுகையின் கடைக்கோடியில், அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் இந்நகரம் அமைந்துள்ளது. 2010ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியத் தொழில்நுட்பக் கழகம் இம்மாவட்டத்தின் திருவேட்டக்குடியில் இயங்குகிறது. புயல்களைக் கண்காணிக்கும் டாப்ளர் ராடார் ஒன்றும் காரைக்காலில் உண்டு. பள்ளிகள், வங்கிகள், மருத்துவமனைகள், கடைகள், வீடுகள் என எங்கும் கணிப்பொறிகள் இருக்கின்றன. இவை எல்லாவற்றிலும் நாள்தோறும் தூசு படிகிறது. அந்தத் தூசில் கடலின் உப்பும் கலந்திருக்கிறது.

கணிப்பொறியைத் தூசு தட்டுவது எளிய வேலை என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் தவறாகத் துடைத்ததால் கெட்டுப்போன கணிப்பொறிகளும் உண்டு. துடைக்காமல் விட்டதால் கெட்டுப்போனவையும் உண்டு. வீட்டில் இருப்பது ஒரே ஒரு கணிப்பொறி என்றால், அது பழுதாவது ஒரு மாணவரின் படிப்பையே பாதிக்கும். எனவே எப்படித் துடைப்பது, எப்போது துடைப்பது, ஏன் அப்படித் துடைப்பது என்ற மூன்றையும் அறிந்துகொள்வோம்.

தூசு எங்கிருந்து வருகிறது?

கணிப்பொறிக்குள் சுழலும் விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. காற்றோடு தூசும் வருகிறது. நம் உடைகளிலிருந்து உதிரும் பஞ்சு இழைகள், தோலிலிருந்து உதிரும் செதில்கள், தெருப்புழுதி, அடுப்புப் புகை ஆகியவை எல்லா ஊர்த் தூசிலும் இருப்பவை. காவிரிப் படுகையில் சம்பா அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் வைக்கோல் தூசும் நெல்லின் சுணையும் இவற்றோடு சேர்ந்துகொள்ளும்.

கடற்கரை ஊரில் இன்னொரு பொருளும் சேர்கிறது. அலைகள் கரையில் மோதி நுரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நுரையில் எண்ணற்ற காற்றுக் குமிழிகள் உள்ளன. ஒவ்வொரு குமிழியும் உடையும்போது மிக நுண்ணிய நீர்த்துளிகளைக் காற்றில் தெறிக்கிறது. துளியிலுள்ள நீர் ஆவியாகி ஒடுங்க, உப்பு மிஞ்சுகிறது. ஒரு கிலோகிராம் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன அல்லவா? அவற்றில் ஒரு சிறு பகுதி இவ்வாறு காற்றில் ஏறிவிடுகிறது. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடாவதால் கடற்காற்று கரையை நோக்கி வீசுகிறது. அதில் ஏறி வரும் உப்பு, சன்னல் கம்பியிலும் மின்விசிறி இறக்கையிலும் கணிப்பொறிக்குள்ளும் படிகிறது. கடலிலிருந்து விலகிச் செல்லச் செல்ல இந்த உப்பின் அளவு வேகமாகக் குறைந்துவிடும். ஆகவேதான் கரையோரத் தெருவில் உள்ள இரும்புக் கதவு, ஊருக்குள் தள்ளி இருக்கும் கதவைவிட விரைவில் துருப்பிடிக்கிறது.

தூசின் மூன்று தீமைகள்

முதல் தீமை வெப்பம். கணிப்பொறியின் மூளை போன்ற பகுதி பிராசசர் ஆகும். மேசைக் கணிப்பொறி ஒன்றில் இது 65 வாட் அளவுக்கு மின்னாற்றலை எடுத்துக்கொள்வது சாதாரணம். அந்த ஆற்றல் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளிப்படுகிறது. எரிந்துகொண்டிருக்கும் 60 வாட் குண்டு பல்பை யாரும் கையால் தொடமாட்டார்கள். அதே அளவு வெப்பம் விரல் நகத்தின் அளவே உள்ள சிலிக்கான் சில்லில் உண்டாகிறது என்றால் எண்ணிப் பாருங்கள்! இதை வெளியேற்றவே பிராசசரின்மேல் அலுமினியத் தகடுகளும் விசிறியும் பொருத்தியிருக்கிறார்கள். ‘ஹீட் சிங்க்’ என்று இதனைக் கடைக்காரர்கள் கூறுவர்.

அலுமினியம் காற்றைவிட ஏறத்தாழ ஒன்பதாயிரம் மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆனால் தகடுகளின் இடுக்கில் தூசு அடைந்தால், விசிறிக் காற்று தகடுகளைத் தொடவே முடிவதில்லை. தூசின் இழைகளுக்கு இடையே காற்று சிறைப்பட்டு நிற்கும். கம்பளி நம் உடல் வெப்பத்தை வெளியே விடாததும் இதே காரணத்தால்தான். வெப்பம் அளவுக்கு மீறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போதும் சூடு தணியாவிட்டால் கணிப்பொறி நின்றுவிடும். ‘கணிப்பொறி மெதுவாக ஓடுகிறது’ என்று சொல்லிப் புதியது வாங்க எண்ணுபவர்கள், முதலில் விசிறியைப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது தீமை மின்கசிவு. உலர்ந்த தூசு பெரும்பாலும் மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அதில் உப்பு இருந்து, அந்த உப்பு ஈரம் உறிஞ்சிவிட்டால் நிலைமை மாறுகிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போது, சோடியம் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி அதிலேயே கரையத் தொடங்கும். கடல் உப்பில் சிறிதளவு மெக்னீசியம் குளோரைடும் உண்டு. அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். அதனால்தான் கல்லுப்பு இவ்வளவு எளிதில் கசிகிறது. உப்பு நீர் நல்ல மின்கடத்தி என்பதை நீங்கள் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். மின்சுற்றுப் பலகையில் அருகருகே செல்லும் செம்புப் பாதைகளுக்கு இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கலாம். அந்த இடைவெளியை உப்பு நீர்ப் படலம் நிரப்பினால், போகக்கூடாத இடத்தில் மின்சாரம் போகிறது.

மூன்றாவது தீமை அரிமானம். செம்புப் பாத்திரத்தில் பச்சையாகக் களிம்பு ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். பலகையிலுள்ள செம்புப் பாதைகளிலும் இதே களிம்பு ஏறும். ஆனால் பாத்திரத்தின் கனம் வேறு, இந்தப் பாதைகளின் கனம் வேறு. பலகையில் உள்ள செம்புத் தகட்டின் கனம் பொதுவாகச் சுமார் 35 மைக்ரான்தான். அதாவது ஒரு தலைமயிரின் பருமனைவிடக் குறைவு. மேலும் இங்கே மின்னழுத்தமும் இருப்பதால் ஒரு சிறிய மின்னாற்பகுப்பே நடக்கிறது. ஒரு பாதையிலிருந்து கரைந்த உலோக அயனிகள் எதிர்ப்பாதையை நோக்கி நகர்ந்து, அங்கே மரக்கிளை போன்ற நுண்ணிய இழைகளாக வளர்கின்றன. அந்த இழை இரு பாதைகளையும் தொட்டுவிட்டால் குறுக்குச்சுற்று ஏற்பட்டுவிடும்.

ஆக, உலர்ந்த தூசு கணிப்பொறியை மெல்லச் சூடேற்றும். நனைந்த தூசோ அதை அரித்தே தின்னும். இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். துடைக்கும் முறைகள் எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

அரிமானத்தை ஆராயும் நிலையம்

கடற்காற்று உலோகத்தை எப்படி அரிக்கிறது என்பதை ஆராயும் ஒரு பெரிய நிறுவனம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அது காரைக்காலில் அன்று, காரைக்குடியில் உள்ளது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் என்பது அதன் பெயர். வள்ளல் அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்தில், 1948ஆம் ஆண்டு ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். இந்நிறுவனம் இராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் முகாமில் கடல்சார் அரிமான ஆய்வு நிலையத்தையும் அமைத்தது. அங்கே உலோகத் தகடுகளைக் கடற்காற்று படும்படி நிறுத்தி வைத்து, அவை எவ்வளவு எடை இழக்கின்றன என்று கண்டறிவார்கள். நாட்டின் எந்தப் பகுதியில் அரிமானம் எவ்வளவு கடுமையானது என்பதைக் காட்டும் இந்திய அரிமான வரைபடத்தையும் இந்நிறுவனம் தயாரித்துள்ளது.

கண்ணுக்குத் தெரியாத இன்னோர் ஆபத்து

சீப்பால் தலை வாரிவிட்டு அதைக் காகிதத் துணுக்குகளின் அருகே கொண்டுசென்றால் அவை தாவி ஒட்டிக்கொள்ளும். இது நிலைமின்சாரம். நம் உடலிலும் இப்படி மின்னேற்றம் சேரும். சுமார் 3,000 வோல்ட் அளவுக்குச் சேர்ந்த பிறகுதான் விரல் நுனியில் ‘சுருக்’ என்று நாம் உணர்கிறோம். ஆனால் 100 வோல்ட் அளவிலேயே பழுதாகும் மின்னணு உறுப்புகளும் உண்டு. நமக்குத் தெரியாமலே நம் விரல் ஒரு சில்லைக் கெடுத்துவிடலாம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மனித உடலை 100 பிக்கோஃபாரட் கொண்ட மின்தேக்கியாகக் கொள்ளலாம். மின்னழுத்தம் 3,000 வோல்ட் என்றால், சேர்ந்துள்ள ஆற்றல் மின்தேக்குத்திறனை மின்னழுத்தத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுத்த அளவாகும். விடை 0.00045 ஜூல். மிகச் சிறிய ஆற்றல்தான். ஆனால் சில்லுக்குள் இருக்கும் மின்காப்புப் படலத்தின் கனம் சில நானோமீட்டர்களே. அதில் துளையிட இவ்வளவு போதும்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். காற்று ஈரமாக இருக்கும்போது பொருள்களின் மேற்பரப்பில் படியும் மெல்லிய நீர்ப் படலம் வழியே மின்னேற்றம் கசிந்துவிடும். கம்பளத்தின்மேல் நடக்கும் ஒருவர் உடலில், வறண்ட காற்றில் 35,000 வோல்ட் வரை சேரலாம். ஈரக்காற்றிலோ 1,500 வோல்ட் அளவே சேரும். எனவே காரைக்காலின் ஈரக்காற்று, அரிமானத்தில் பகைவனாகவும் நிலைமின்சாரத்தில் நண்பனாகவும் விளங்குகிறது. ஆனால் இந்த நண்பனை முழுவதும் நம்பிவிட முடியாது. 1,500 வோல்ட்டும் 100 வோல்ட்டைவிட மிக அதிகம் அல்லவா? குளிர்சாதன அறையில் காற்று வறண்டு போவதால், அங்கே ஆபத்து இன்னும் கூடும்.

துடைக்கும் முறை

கணிப்பொறியைச் சுத்தம் செய்வது புதிய வேலை அன்று. 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ‘மார்க் 2’ என்ற கணிப்பொறி தடுமாறியது. திறந்து பார்த்தபோது ஒரு ரிலே சாவிக்குள் அந்துப்பூச்சி ஒன்று சிக்கியிருந்தது. அதை எடுத்துப் பதிவேட்டிலேயே ஒட்டிவைத்தார்கள். நம் ஊர்களில் அந்துப்பூச்சிக்குப் பதில் எறும்பும் பல்லியும் இருக்கலாம். அவ்வளவே வேறுபாடு.

தேவையான பொருள்கள் மிகச் சில: மென்மையான வண்ணத் தூரிகை ஒன்று, கையால் அமுக்கும் ரப்பர்க் காற்றுப் பந்து ஒன்று, நூல் உதிராத துணி, மூக்கை மூடக் கைக்குட்டை. ஆசிரியரோ வீட்டுப் பெரியவரோ உடன் இருக்கட்டும்.

1. நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள். மழை இல்லாத நாளில், முற்பகலில், கடற்காற்று தொடங்குமுன் வேலையை முடியுங்கள். விடியற்காலையில் காற்றின் ஒப்பு ஈரப்பதம் மிகுதியாக இருக்கும்; வெயில் ஏற ஏறக் குறையும். பருத்தி உடை அணிவது நல்லது. பாலியெஸ்டர் உடை எளிதில் மின்னேற்றம் பெறும்.

2. கணிப்பொறியை முறைப்படி நிறுத்துங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவிவிடுங்கள். பிறகு கணிப்பொறியின் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். பலகையில் எஞ்சியுள்ள மின்னேற்றம் பெரும்பாலும் வடிந்துவிடும். சூடு ஆறக் கால் மணி நேரம் காத்திருங்கள்.

3. பக்கத் தகட்டைக் கழற்றியதும், பலகையைத் தொடுமுன் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைக் கையால் தொடுங்கள். உங்கள் உடலும் பெட்டியும் ஒரே மின்னழுத்தத்துக்கு வந்துவிடும். மின்னழுத்த வேறுபாடு இல்லையேல் பொறியும் இல்லை. அடிக்கடி இவ்வாறு தொட்டுக்கொள்ளுங்கள். பழுது பார்ப்பவர்கள் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிக்கொள்வார்கள். அதில் ஒரு மெகா ஓம் மின்தடை உள்ளது. தவறி 230 வோல்ட் கம்பியில் கை பட்டாலும், ஓம் விதிப்படி பட்டையின் வழியே 0.23 மில்லி ஆம்பியர் மின்னோட்டமே செல்லும். உயிருக்கு ஆபத்து நேராதபடி அந்தத் தடை காக்கிறது.

4. மேலிருந்து கீழாகத் தூசு தட்டுங்கள். தூரிகையால் மெல்லத் தளர்த்தி, காற்றுப் பந்தால் வெளியே ஊதுங்கள். தூரிகையின் உலோக வளையம் பலகையில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. விசிறியை ஊதும்போது அதன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஊதும் காற்றில் விசிறி தன் அளவை மீறிச் சுழன்றால் அதன் தாங்கி தேயும். மேலும், சுழலும் மோட்டார் ஒரு மின்னாக்கியாக மாறிப் பலகைக்கு மின்னழுத்தம் அனுப்பக்கூடும். மிதிவண்டி டைனமோ வேலை செய்வதும் இதே தத்துவத்தில்தான்.

6. ‘ராம்’ எனப்படும் நினைவகப் பட்டையின் விளிம்பில் பொன்னிறப் பட்டைகள் இருக்கும். அது உண்மையான தங்கப் பூச்சுதான். உப்புக்கும் ஈரத்துக்கும் தங்கம் எளிதில் அசையாது என்பதால் பூசியிருக்கிறார்கள். பென்சில் ரப்பரால் அதைத் தேய்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது நல்லதன்று. அந்தப் பூச்சின் கனம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ரப்பரால் பலமுறை தேய்த்தால் தங்கம் போய் அடியிலுள்ள உலோகம் வெளிப்படும். தேய்ப்பதால் நிலைமின்சாரமும் உண்டாகும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நூல் உதிராத துணியில் சிறிது தொட்டு ஒருமுறை துடைத்தால் போதும். அது விரைவில் ஆவியாகிவிடும். ஆனால் எளிதில் தீப்பற்றும். எனவே சன்னலைத் திறந்து வைத்து, விளக்கும் அடுப்பும் இல்லாத இடத்தில் பயன்படுத்துங்கள். 70 சதவீதக் கரைசலில் மீதி 30 சதவீதம் நீர் என்பதை மறக்க வேண்டாம்.

7. எல்லாம் முடிந்தபின் கால் மணி நேரம் உலர விட்டு, மூடி, அதன் பிறகே மின் இணைப்புக் கொடுங்கள்.

‘லேப்டாப்’ எனப்படும் மடிக் கணிப்பொறிக்கு இம்முறை முழுவதும் பொருந்தாது. அதன் விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையே தூசு ஒரு பஞ்சுப் படலமாகவே அடைந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அந்தப் படலம் உள்ளே போய் விசிறியில் சிக்கிக்கொள்ளும். உள்ளேயுள்ள லித்தியம் பாட்டரியைக் குத்தினாலோ வளைத்தாலோ தீப்பிடிக்கலாம். எனவே அதைத் திறக்கும் வேலையைத் தெரிந்தவரிடமே விடுங்கள். உத்தரவாதக் காலம் முடியாத எந்தக் கருவியையும் நீங்களாகத் திறக்க வேண்டாம்.

செய்யக் கூடாதவை

மின்வழங்கிப் பெட்டியைத் திறக்காதீர்கள். 230 வோல்ட் என்பது மாறுதிசை மின்னோட்டத்தின் சராசரி மதிப்பு போன்றது. அதன் உச்ச மதிப்பு 1.414 மடங்கு, அதாவது சுமார் 325 வோல்ட். பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கி ஏறத்தாழ இந்த அளவுக்கு மின்னேற்றம் பெற்றிருக்கும். பிளக்கை உருவிய பிறகும் சிறிது நேரம் அது நீடிக்கலாம். வெளியிலிருந்து சல்லடைத் துளைகளைத் தூரிகையால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஹார்டு டிஸ்கைத் திறக்காதீர்கள். அதில் சுழலும் தட்டுக்கும் தகவல் படிக்கும் முனைக்கும் இடையே உள்ள இடைவெளி சில நானோமீட்டர்களே. சாதாரணத் தூசுத் துகளோ சில மைக்ரான் இருக்கும். ஆயிரம் மடங்கு பெரிய பாறை வழியில் கிடந்தால் என்ன ஆகும்?

வீட்டுத் தரை துடைக்கும் வாக்குவம் கிளீனரைப் பலகையருகே கொண்டுசெல்லாதீர்கள். அதன் பிளாஸ்டிக் முனையில் தூசும் காற்றும் உராய்ந்து ஓடுவதால் வலுவான நிலைமின்சாரம் சேரும்.

பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் பிடித்து ஊதலாமே என்று சிலர் எண்ணுவர். ஈரக்காற்றை அழுத்திச் சிறிய கலத்துக்குள் அடைக்கும்போது, அதிலுள்ள நீராவி செறிவு கூடி நீராகப் படியும். காரைக்காலின் காற்றில் ஈரம் மிகுதி. எனவே கலத்தில் நீரும் மிகுதி. அந்த நீர்த்துளிகளும், கம்ப்ரசரின் எண்ணெயும் காற்றோடு சேர்ந்து பலகைமீது பாயும். எண்ணெய் பட்ட இடத்தில் அடுத்த தூசு பசை போட்டாற்போல் ஒட்டிக்கொள்ளும்.

வாயாலும் ஊதாதீர்கள். உமிழ்நீரிலும் உப்பு உண்டு. ஈரத்துணி, மண்ணெண்ணெய், பெட்ரோல் ஆகியவற்றின் பெயரையே இந்த வேலையில் எடுக்க வேண்டாம்.

எப்போது துடைக்க வேண்டும்?

காரைக்காலின் மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. ஆகவே ஆண்டில் ஒருமுறைதான் துடைக்க முடியும் என்றால், அதைப் புரட்டாசியிலேயே செய்துவிடுங்கள். அப்போது தூசு உலர்ந்திருக்கும். தூரிகைக்கு எளிதில் வரும். ஐப்பசி பிறந்துவிட்டால் அதே தூசு ஈரம் உறிஞ்சிக் குழம்பாகிப் பலகையோடு பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு தூரிகையால் பயனில்லை. கடலுக்கு அருகில் உள்ளவர்கள் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை துடைப்பது நல்லது.

மழைக்காலத்தில் கணிப்பொறியைப் பிளாஸ்டிக் உறையால் மூடி மாதக்கணக்கில் தொடாமல் வைப்பவர்கள் உண்டு. அது பாதுகாப்பு அன்று. ஏன் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். வெளியே 28 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் இருப்பதாகக் கொள்வோம். இந்தக் காற்று, ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறிக்குள் நுழைந்து 40 டிகிரிக்குச் சூடாகிறது. காற்றிலுள்ள நீராவியின் அளவு மாறவில்லை. ஆனால் சூடான காற்று தாங்கக்கூடிய நீராவியின் அளவு ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஆகவே ஒப்பு ஈரப்பதம் சுமார் 44 சதவீதமாகக் குறைந்துவிடும். சோடியம் குளோரைடு கசியத் தேவையான 75 சதவீதத்துக்கு இது மிகவும் கீழே அல்லவா? மழைக்காலத்தில் நாள்தோறும் சிறிது நேரம் ஓடும் கணிப்பொறி தன்னைத்தானே உலர்த்திக்கொள்கிறது. மூலையில் தூங்கும் கணிப்பொறிதான் அரிமானத்துக்கு இரையாகிறது.

குளிர்சாதன அறையிலிருந்து மடிக் கணிப்பொறியை வெளியே கொண்டுவந்ததும் உடனே திறந்து இயக்காதீர்கள். குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல அதன் உள்ளேயும் நீர்த்துளி படியலாம். அரைமணி, ஒரு மணி நேரம் பையிலேயே இருக்கட்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா போன்ற புயல்களின்போது, உப்பு நீர் வழக்கமாக வராத இடங்களுக்கும் வந்து சேரும். கணிப்பொறி நனைந்துவிட்டால், வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஆசையில் சுவிட்சைப் போடாதீர்கள். மின்சாரம் பாயும்போதுதான் அரிமானம் பாய்ச்சல் எடுக்கும். மின் இணைப்பை நீக்கிவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுசெல்லுங்கள். அவர் பலகையை வாலைவடிநீரால் கழுவி, ஆல்கஹாலால் துடைத்து, நன்கு உலர்த்திய பின்பே மின்சாரம் கொடுத்துச் சோதிப்பார். உப்பை அகற்ற நீரே தேவைப்படுகிறது என்பதைக் கவனித்தீர்களா? நீரைவிட அது விட்டுச் செல்லும் உப்புதான் பெரிய பகை.

செய்து பாருங்கள்

செம்புக் கம்பித் துண்டுகள் மூன்றை எடுத்து, உப்புத்தாளால் பளபளக்கும் வரை தேயுங்கள். வியர்வையிலும் உப்பு இருப்பதால், தேய்த்த பிறகு விரலால் தொடாதீர்கள். ஒன்றைக் கடலைப் பார்த்த சன்னலிலும், இன்னொன்றை உள்ளறையிலும் நூலால் தொங்கவிடுங்கள். மூன்றாவதை, புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு சிறிய புட்டியில் போட்டு இறுக மூடுங்கள். வாரந்தோறும் நிறத்தைக் குறித்து வாருங்கள். பெரிய கணிப்பொறி நிலையங்களிலும் இதே முறையில் செம்புத் தகடுகளை வைத்துக் காற்றைச் சோதிக்கிறார்கள். ஒரு மாதத்தில் தகட்டில் உருவாகும் அரிமானப் படலம் 30 நானோமீட்டருக்கும் குறைவாக இருந்தால், அந்த அறை கருவிகளுக்கு ஏற்றது என்பது தொழில்துறையினர் கொண்டுள்ள தரம்.

இன்னொரு சோதனை. நிறுத்தி வைத்த மின்விசிறியின் இறக்கையிலிருந்து சிறிது தூசைச் சேகரித்து, ஒரு கரண்டி வாலைவடிநீரில் கலக்குங்கள். பள்ளி ஆய்வகத்திலுள்ள மல்ட்டிமீட்டரின் இரு முனைகளை, முதலில் வெறும் வாலைவடிநீரிலும் பிறகு இந்தக் கலவையிலும் ஒரே இடைவெளியில் அமிழ்த்தி, மின்தடையை அளந்து ஒப்பிடுங்கள். கடற்கரைத் தெருவிலிருந்து ஒரு மாணவரும், மேற்கே திருநள்ளாற்றுப் பக்கத்திலிருந்து ஒரு மாணவரும் தூசு கொண்டுவந்தால் சோதனை இன்னும் சுவையாக இருக்கும்.

கடைசியாக ஒரு கேள்வி. மீன்பிடி விசைப்படகுகளில் பயன்படும் மின்னணுக் கருவிகளின் சுற்றுப் பலகைமீது மெல்லிய வார்னிஷ் போன்ற பூச்சு ஒன்றைப் பூசுவார்கள். அந்தப் பூச்சு, மேலே கூறிய மூன்று தீமைகளில் எவற்றைத் தடுக்கும்? எதைத் தடுக்காது? சிந்தித்து, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் விடையைச் சொல்லுங்கள்.